நல்ல கட்டி

கட்டி என் உடம்பில்தான் இருந்தது. ஆனால் அதைப் பற்றிக் கதைக்க உரிமை இல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். மற்ற எல்லோரும் கதைத்தார்கள். குசினி அடுப்படியில் கதைத்தார்கள், கிணற்றடியில் கதைத்தார்கள், நான் வந்ததும் வெங்காய விலைக்குத் தாவினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபப்படாதவள் மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துப் புத்தூரில் என் சீதன வீட்டில் இருந்தோம். என்னைப் பெற்றவர்கள் அப்போது உயிரோடு இல்லை. என் கணவருக்குத் தோட்டம், வெங்காயமும் மிளகாயும். வெளிநாட்டு வெங்காயத்தை அரசாங்கம் மறித்துவிட்டதால் தோட்டக்காரர்கள் நிமிர்ந்து நடந்த காலம். அதே ஆட்கள் ஒரு பேணி பால்மாவுக்காகக் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் குனிந்து நின்றதும் அதே காலம்தான். என் மூத்த மகள் அப்போது ஐந்து மாதக் குழந்தை.

பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக வந்தவர் என் மச்சாள், கணவரின் அக்கா. கலியாணம் செய்யாதவர். சின்ன வயதிலேயே தாயைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அச்சுவேலியிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவர், துடக்குத் தீட்டுக் கழிந்த பிறகும் போகவில்லை. போகச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை, அப்படி உழைத்தார். எங்களுக்குள் ஒத்துவராதது ஒன்றே ஒன்றுதான்: நான் திருப்பிக் கதைப்பேன். நித்திரையாய்க் கிடக்கிற பிள்ளையை எழுப்பி முழுகவாக்க வேண்டாம் என்பேன். புளிக்கறியை விலக்கச் சொன்னால் இன்னொரு அகப்பை போட்டுக்கொள்வேன். அவர் என்னோடு சண்டை பிடிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவருக்குச் சொல்வார்.

"உவளுக்குக் கொழுப்பு."

நாளுக்கு ஒரு தடவையாவது அந்தச் சுவர் அதைக் கேட்கும்.

கட்டியை முதலில் கண்டுபிடித்தவள் என் மகள். இடது பக்கம் பால் குடிக்கும்போது அவளுடைய கை என் கமக்கட்டுக்கு, அதாவது அக்குளுக்கு, கீழே போய் எதையோ பற்றிக்கொள்ளும். விட்டுவிட்டுப் பிடிக்கும். விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஒரு சந்தோசம் அவளுக்கு. ஒரு நாள் அவள் கையை எடுத்துவிட்டு என் கையை வைத்துப் பார்த்தேன். விலாவுக்கு மேலே, தோலுக்குக் கீழே, எலுமிச்சந் தேசிக்காய் அளவில் ஒன்று மெத்தென்று இருந்தது. நோவில்லை. எத்தனை காலமாக இருந்ததோ தெரியாது. குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் நின்றபோது மச்சாளும் அதைக் கண்டுவிட்டார். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அடுத்த நாளே அச்சுவேலியில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்ரரிடம் போனோம். இளம் டொக்ரர், கொழும்பில் படித்துவிட்டு வந்து அதிக நாளாகவில்லை. திரைக்குப் பின்னால் என்னைக் கதிரையில் இருத்திச் சோதித்தார். மச்சாள் பிள்ளையோடு பக்கத்தில் நின்றார். டொக்ரர் என்னை இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி அமத்தச் சொன்னார். அப்படி அமத்தினால் நெஞ்சுத் தசை இறுகும், கட்டியும் அதோடு இறுகுகிறதா தனியே அசைகிறதா என்று பார்க்கலாமாம். அது தன்பாட்டில் அசைந்தது. கமக்கட்டுக்குள் நெறி கட்டியிருக்கிறதா என்று தேடினார். இல்லை. கட்டியின் விளிம்பை ஒரு விரலால் அமத்தினார், அது விரலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனது.

"இது மார்பிலை இல்லை அம்மா, நெஞ்சுக்கூட்டுக்கு மேலை இருக்குது. எலும்பிலையும் ஒட்டேல்லை, தோலிலையும் ஒட்டேல்லை," என்றார். பிறகு சொல்லுக்காகக் கொஞ்சம் யோசித்தார். படித்ததெல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா. "இது... நல்ல கட்டி. பயப்பிடாதேங்கோ."

மச்சாள் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு திரையை விலக்கி வெளியே போனார். டொக்ரர் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எனக்கு மட்டும்தான். விரும்பினால் பெரிய டொக்ரரிடம் காட்டி வெட்டி எடுக்கலாம், அவசரமில்லை, பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம் என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எதற்கு அதிகம் பயப்படுகிறோமோ அதற்கு நாங்கள் நல்ல பெயர்தான் வைப்போம். கொத்தினால் ஆளை முடிக்கிற பாம்புக்குப் பெயர் நல்ல பாம்பு. வேலியோரம் அது ஊர்ந்தால் மச்சாள் அந்தப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், "நல்லவர் போறார்" என்பார். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் அது அம்மாள் வந்திருப்பது. இப்படிக் கதைத்துக் கதைத்தே வளர்ந்த ஒருவரின் காதில், படித்த ஒருவர் குரலைத் தணித்து, யோசித்து, "நல்ல கட்டி" என்றால் என்னவென்று விழும்?

பஸ்ஸில் பிள்ளை அழுதது. நான் கையை நீட்டினேன். மச்சாள் தரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். அப்போதும் தரவில்லை.

"அந்தப் பாலைக் குடுக்கேலாது," என்றார்.

"குடுக்கலாமெண்டு டொக்ரர் சொன்னவர், மச்சாள்."

"உமக்குச் சொல்லியிருப்பார்."

அந்த ஒரு சொல்லில் நான் அடைபட்டுப்போனேன். எங்கள் ஊரில் நோயாளிக்கு ஆர் உண்மை சொல்வார்கள்? கெட்ட செய்தியை வீட்டாரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள், நோயாளியைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆகவே டொக்ரர் எனக்கு எவ்வளவு ஆறுதல் சொல்லியிருந்தாரோ அவ்வளவுக்கு என் நிலைமை மோசம். பயப்பிட வேண்டாம் என்றாராம், அப்ப பயப்பிடத்தான் வேண்டும். அவசரமில்லை என்றாராம், அப்ப இனி அவசரப்பட்டு என்ன பிரயோசனம். நான் வாயைத் திறந்து சொன்ன ஒவ்வொன்றும் எனக்கே எதிராகப் போனது.

முதல் சில நாள் நான் கேட்கவில்லை. மச்சாள் அடுப்படியில் நிற்கிற நேரம் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கொண்டி போட்டுவிட்டுப் பால் கொடுத்தேன். என் வீட்டில், என் பிள்ளைக்கு, கள்ளி மாதிரி! பிறகு ஒரு நாள் பிள்ளைக்கு வயிற்றாலை போனது. அவர்கள் சூப்பிப் போத்தலில் கொடுத்த ஆட்டுப்பாலால் போயிருக்கும் என்று இன்று சொல்வேன். அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கும் பயம் பிடித்தது. டொக்ரர் யோசித்துச் சொன்ன அந்த "நல்ல" திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. நான் செத்தால் சாகிறேன், என் பால் பிள்ளையைக் கொன்றால் என்ன செய்வேன்? கொண்டி போடுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் பாலை வற்றவிட நான் சம்மதிக்கவில்லை. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று மச்சாள் மாலையாகவே கட்டிக் கொண்டுவந்தார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். காலையும் மாலையும் கிணற்றடிக்குப் போய், எறும்பு படாமல் வாழையடியில் தண்ணீர் ஓடுகிற இடமாகப் பார்த்துப் பாலைப் பீச்சிவிடுவேன். உள்ளே என் பிள்ளை ஆட்டுப்பாலைத் துப்பிவிட்டுக் கத்திக்கொண்டிருக்கும், வெளியே நான் வாழைக்குப் பால் வார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாழைமீது எனக்கிருந்த வெறுப்பைச் சொல்லி முடியாது.

ஊர் வரத் தொடங்கியது. தோடம்பழம் வந்தது, மாதுளம்பழம் வந்தது, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த ஒரு பேணி பிஸ்கற்றும் வந்தது. வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உமக்கொண்டுமில்லை, நீர் யோசியாதையும்," என்று சொல்லிவிட்டு, வாசல் படலையடியில் நின்று மூக்கைச் சிந்தினார்கள். கலியாண வீட்டில் என்னோடு முகம் முறித்தவள்கூட வந்து என் தலையைத் தடவினாள். எல்லாவற்றையும் பொறுத்தேன். பழத்தைச் சாப்பிட்டேன், நல்ல பழங்கள்.

பொறுக்க முடியாமற்போனது வேலி விசயம். பக்கத்துக் காணிக்காரரோடு எங்களுக்கு அப்பா காலத்திலிருந்தே எல்லைத் தகராறு. கதியால் நட்டு வேலி போடுகிற ஒவ்வொரு முறையும் அந்த மனுஷன் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்வார். வழக்குப் போடக் கோட்டுக்குப் போகிறேன் என்று அப்பா நின்றபோதும் அசையாத மனுஷன். ஒரு காலை எழும்பிப் பார்க்கிறேன், ஆளை வைத்துக் கதியாலைப் பிடுங்கித் தன் பக்கமாக உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார். "எல்லாத்தையும் கொண்டோ போறம், பிள்ளை? மனசிலை ஒண்டும் வைச்சிராதை," என்றார். நான் சாகப்போகிறேன் என்று ஊர் முடிவே கட்டிவிட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் தானாக வேலியை உள்ளே தள்ளுகிறார் என்றால் அதற்கு மேலே என்ன அத்தாட்சி வேண்டும்! நான் சாகவில்லை என்று நிச்சயமான பிறகு அந்த வேலி அடுத்த முறை கதியால் போடும்போது பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அதே காலைதான் வாழையடியில் நின்று பீச்சினேன். உள்ளங்கை நனைகிற அளவுக்குக்கூடப் பால் வரவில்லை. திரும்பவும் திரும்பவும் முயன்றேன். நெஞ்சு நொந்ததுதான் மிச்சம். முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குள் போனேன்.

"நான் இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன். இதை வெட்டப் போறன்."

மச்சாள் பிள்ளையை மடியில் போட்டுச் சூப்பியைத் திணித்துக்கொண்டிருந்தார். "கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவும். உள்ள நாளையாவது நிம்மதியா இரும்," என்றார்.

"உள்ள நாளோ? ஆருக்கு உள்ள நாள்? இது என்ரை வீடு, உது என்ரை பிள்ளை, கட்டியும் என்ரை. நான் வெட்டுவன், விடுவன், நீங்கள் ஆர் கேக்க?"

சுவருக்குச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவருடைய வாய் கோணியது.

"எங்கடை அம்மாவுக்கும் உந்த இடத்திலைதான் வந்தது," என்றார். "கல்லு மாதிரி. நான்தான் குளிக்க வாக்கிறனான், என்ரை கைக்குத் தெரியும். கடைசி மட்டும் கடைக்குட்டிக்குப் பால் குடுத்தவ. முதல்லை அந்தப் பிள்ளை போனது. பிறகு அவவும் போயிட்டா. பால்தான் கொண்டதெண்டு சனம் சொல்லிச்சுது. நான் பத்து வயசுப் பிள்ளை, நான் என்னத்தைக் கண்டன்?"

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என் கணவர் வாசலில் நின்று தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மச்சாளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, பிள்ளையைப் பறித்துக்கொண்டு ஓட வேண்டும் போலவும் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, கையை எடுத்து, "ஒருக்கா இதைத் தொட்டுப் பாருங்கோ. உங்கடை கைக்குத் தெரியுமெண்டீங்களே," என்றேன். கையை உதறி இழுத்துக்கொண்டார். சேலைத் தலைப்புக்குள் ஒளித்துவைத்துக்கொண்டார். அதற்குமேல் நான் கெஞ்சவில்லை. மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் றோட்டுக்கு நடந்தேன். என் கணவர் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

"அக்கா சொல்லிறதையும் கொஞ்சம்..." என்று தொடங்கினார்.

"வாறதெண்டால் வாருங்கோ. இல்லாட்டி அக்காவோடை நில்லுங்கோ."

வந்தார்.

ஆஸ்பத்திரிப் பெரிய டொக்ரர் நரைத்த மனுஷன். அச்சுவேலி டொக்ரர் செய்ததையே அவரும் செய்தார், சீக்கிரமாகச் செய்தார். அடுத்த நாள் காலை என்னை மேசையில் கிடத்தினார்கள். மயக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ண ஊசி போட்டார்கள். இழுப்பதும் தள்ளுவதும் தெரிந்தது, நோவு தெரியவில்லை. விலாவெலும்பின் போக்கிலேயே வெட்டினால் தழும்பு அடங்கிப்போகும் என்று பக்கத்தில் நின்ற இளம் டொக்ரருக்குச் சொன்னார். பிறகு கத்தியை வைத்துவிட்டு விரலை விட்டு நெம்பினார். நுங்கைத் தோண்டும்போது வருவது மாதிரி அது முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"எனக்கு அதைக் காட்டுங்கோ," என்றேன்.

மிஸி, அதுதான் தாதி, டொக்ரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். வெள்ளைத் தட்டில் மஞ்சளாக, மெல்லிய தோல் போர்த்திக்கொண்டு, குட்டிக் குட்டி உருண்டைகள் சேர்ந்த மாதிரிக் கிடந்தது. கோழி உரிக்கும்போது எத்தனை தடவை பார்த்திருப்பேன்! இதற்காகவா என் பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பிடுங்கினார்கள்? ஆத்திரத்தில் அழுதேன். நோகுதோ என்று டொக்ரர் கேட்டார். நோகவில்லை என்றேன், நல்ல கட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். நல்ல பாம்பு என்ற இடம் வந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் தைக்கிற ஊசி நின்றுவிட்டது.

"பால் குடுக்காமல் விட்டதோ? விசர் வேலை," என்றார் பிறகு. "இண்டைக்கே குடுங்கோ. இதைக் கண்ணாடிக்குக் கீழை வைச்சுப் பாக்க அனுப்பத்தான் போறம், அது எங்கடை வழக்கம். ஆனால் பாத்தாலே தெரியுதே, இது வெறும் கொழுப்பு."

"என்ன சொன்னீங்கள்?"

"கொழுப்பு, அம்மா. கொழுப்புக் கட்டி."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "ஐயா," என்றேன், "எனக்கொரு உதவி செய்யோணும். என்ரை மச்சாள் பின்னேரம் வருவா. எனக்கு முன்னாலை ஒண்டும் சொல்லாதேங்கோ. தனியக் கூப்பிட்டு, மெதுவாச் சொல்லுங்கோ. நல்ல எண்ட சொல்லு மட்டும் உங்கடை வாயிலை வரக்கூடாது. இப்ப சொன்னியளே, அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ."

பின்னேரம் மச்சாள் வந்தார். பிள்ளை தோளில் சுருண்டு கிடந்தது, கையில் ஆட்டுப்பால் போத்தல். என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். மிஸி வந்து, "டொக்ரர் உங்களைத் தனியக் கதைக்கக் கூப்பிடுறார்," என்றாள். மச்சாளின் முகம் வெளுத்ததைக் கண்டேன். பிள்ளையை என் கணவரிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டு போனார்.

என் கணவர் பிள்ளையோடு யன்னலடியில் நின்றார். தா என்று கேட்கவில்லை நான். மச்சாள் வரட்டும், அவருடைய கையாலேயே வரட்டும் என்று கிடந்தேன்.

திரும்பி வந்தபோது அவருடைய நடை மாறியிருந்தது. நேரே வந்து என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக, சுவரை விட்டுவிட்டு என்னிடமே சொன்னார்.

"கொழுப்பாம்."

"ஓம்."

"தட்டிலை காட்டினவர். தொட்டும் பாத்தனான்." விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். "மெத்தெண்டு கிடக்குது. அம்மான்ரை மாதிரி இல்லை." பிறகு உரத்துச் சொன்னார், வாட்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. "உவளுக்குக் கொழுப்பு, உவளுக்குக் கொழுப்பெண்டு நான் எத்தினை நாளாச் சொன்னனான்! ஆர் கேட்டது?"

தம்பியிடமிருந்து பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்தார். நான் சட்டையை இடது பக்கமே திறந்தேன், கட்டுப் போட்ட பக்கம். அந்தப் பக்கம் வேண்டாம் என்று மிஸி சொன்னாள். அந்தப் பக்கம்தான் என்றேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது. என்னை மறந்துவிட்டதோ, பால்தான் வற்றிவிட்டதோ என்று பயந்தேன். அதன் கை பழைய பழக்கத்தில் என் கமக்கட்டுக்குக் கீழே போய்த் தேடியது. பஞ்சும் துணியும்தான் அங்கே இருந்தன. தன் விளையாட்டுச் சாமானைக் காணாமல் இன்னும் பலமாகக் கத்தியது.

மச்சாள் குனிந்து தன் சுண்டுவிரலை அந்தக் கைக்குள் வைத்தார். பிள்ளை அதை இறுக்கிப் பிடித்தது. தலையைத் திருப்பியது. வாயில் பட்டதைக் கவ்வி இழுத்தது, விட்டது, திரும்பக் கவ்வியது. பல நாளாக வாழையடியில் நின்று காத்த பால், இன்னும் இருந்தது. இறங்குவதை நான் உணர்ந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிப் பிள்ளை விழுங்கியது.

குனிந்தபடியே மச்சாள் நின்றார். விரலை எடுக்கவில்லை. இடுப்பு நோகும், இருங்கோ என்றேன். இருக்கவில்லை.

"நல்லாக் குடிக்கட்டும்," என்றார். "உவளுக்கும் உம்மடை கொழுப்பு வரட்டும்."